ஆள் சரியில்லையா, இடம் சரியில்லையா? நிறுவன நடத்தையியலில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது

கேள்வி இதுதான்: மேலாண்மைப் படிப்பில் நிறுவன நடத்தையியல், அதாவது வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது, ஒரு பாடமாக இருந்தது. மாஸ்லோ பிரமிடு, ஹெர்ஸ்பெர்க், எக்ஸ்-ஒய் கோட்பாடு எல்லாம் படித்து மார்க்கும் வாங்கியாயிற்று. இப்போது ஒரு டீமுக்குத் தலைவர். படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. உண்மையில் பயன்படும் கருத்துகள் எவை? கூடவே, அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு வைக்கப்போகிறார்களாம், அதை நம்பலாமா?

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பணியாளர் துறையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது பயிற்சி வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாடப்புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கோட்பாட்டுக்கும் தலா இரண்டு பக்கம் என்று சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் தேறி வந்த கருத்தும், படமாக வரைய அழகாக இருக்கிறது என்பதாலேயே பிழைத்துக் கிடக்கும் கருத்தும் அடுத்தடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தேர்வு எழுதுகிறவருக்கு இரண்டுக்கும் அதே ஐந்து மார்க். வேலைக்கு வந்தபின் எது கனமானது எது வெறும் காகிதம் என்று தெரியாமல் திண்டாடுவதில் ஆச்சரியமில்லை.

என்னைக் கேட்டால் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது உளவியலாளர் கர்ட் லெவின் 1936-ல் எழுதிய ஒரு சூத்திரம். ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவர் எப்படிப்பட்டவர், எந்தச் சூழலில் இருக்கிறார் என்ற இரண்டும் சேர்ந்து விளைவது. அவ்வளவுதான். கேட்டால் எல்லோரும் ‘ஆமாம், இதில் என்ன இருக்கிறது’ என்பார்கள். ஆனால் டீமில் ஒருவர் வேலையை இழுத்தடிக்கும்போது நம் வாயில் முதலில் வருவது ‘ஆள் சரியில்லை’. நாம் இழுத்தடித்தால் மட்டும் காரணம் வேறு: தகவல் வரவில்லை, மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது, நடுவில் வேறொரு அவசர வேலை வந்துவிட்டது. அடுத்தவர் நடத்தைக்கு அவர் குணத்தையும் நம் நடத்தைக்குச் சூழ்நிலையையும் காரணம் சொல்கிறோம். இதன் முதல் பாதியை, அதாவது அடுத்தவர் விஷயத்தில் சூழ்நிலையை மறந்துவிட்டுக் குணத்தையே பிடித்துக்கொள்வதை, 1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் ‘காரணம் கற்பிப்பதில் நேரும் அடிப்படைப் பிழை’ என்று குறிப்பிட்டார். மேலாளர்களுக்கு இது ஒரு தொழில்முறை வியாதி. அவர்கள் கண்ணுக்கு ஆள் தெரிகிறார், அவரைச் சுற்றியிருப்பது தெரிவதில்லை. தவிர, ஆளைக் குறை சொல்வது செலவில்லாத வேலை. ஆளை மாற்றினால் போயிற்று. முறையை மாற்ற வேண்டுமென்றால் அதில் நம் பங்கும் வெளியே வந்துவிடும்.

நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான். ஒருவர் செய்வது முட்டாள்தனமாகத் தெரிந்தால், அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது அது எப்படிப் புத்திசாலித்தனமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஹாதார்ன் ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. ஆகவே யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதே வேலையைக் கூட்டும். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. தொலைந்துபோனதாக நினைத்திருந்த அந்த வெளிச்ச ஆய்வின் தரவுகளைத் தேடியெடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011-ல் மறுபடி அலசினார்கள். கதையில் வரும் அந்த அதிசயம் தரவுகளில் இல்லை. அடுத்து வந்த ரிலே அசெம்பிளி அறையிலும் ஐந்து பெண்களைக் கவனித்தார்கள் என்பதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அங்கே கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டது, ஐவரில் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இரண்டு பேரை நடுவில் மாற்றினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது அதே ஆலையில் கடைசியாக நடந்த ஆய்வு. 1931 கடைசியில் தொடங்கி 1932 வரை, ஒரு தனி அறையில் 14 ஆண்கள் தொலைபேசி இணைப்பகத்துக்கான கருவிகளில் ஒயர் இணைக்கும் வேலை பார்த்தார்கள். மூலையில் ஒரு ஆய்வாளர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கூலி மொத்தக் குழுவின் உற்பத்தியைப் பொறுத்தது. எல்லோரும் கூடுதலாகச் செய்தால் எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். காகிதத்தில் பார்த்தால் ஓடி ஓடி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு கருவி முடித்தால் போதும் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. யாரும் அதை எழுதிவைக்கவில்லை. அதற்கு மேல் போகிறவனுக்குப் பட்டப்பெயர் விழும். கேட்கவில்லையென்றால் தோள்பட்டையில் ஒரு குத்தும் விழும். அதே சமயம் ரொம்பக் குறைவாகச் செய்வதும் தப்பு, அது சகாக்களை ஏமாற்றுவது. மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பதும் தப்பு. ஒருநாள் அதிகமாக முடித்துவிட்டால் அதை அப்படியே கணக்கில் காட்டாமல், குறைந்த நாளுக்கு ஈடுகட்ட வைத்துக்கொள்வார்கள். ஏட்டில் உற்பத்தி நேர்கோடாக இருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் காலத்தைப் பாருங்கள். பொருளாதாரப் பெருமந்தம். உற்பத்தி கூடினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், குறைந்த ஆட்களே போதும் என்று சிலரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த எழுதாத விதி அவர்களுக்குக் காப்பீடு. குழு நெறி என்று பாடத்தில் ஒற்றை வரியில் போகும் கருத்து இதுதான். சுவரில் ஒட்டியிருக்கும் இலக்கைவிட இது வலியது. உங்கள் டீமிலும் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரம் கவனியுங்கள். யார் அவரைத் தேநீர் இடைவேளையில் ஓரமாக அழைத்து, ‘இங்கே இதற்கெல்லாம் உடனே பதில் போடாதே, போட்டால் எல்லாம் உன் தலையில்தான் வந்து விழும்’ என்று சொல்கிறார் என்று பாருங்கள். அந்த அறிவுரையை உங்களால் தண்டித்து மாற்ற முடியாது. உடனே பதில் போடுகிறவர் தலையில்தான் உண்மையிலேயே எல்லா வேலையும் விழுகிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்தால் மாறும்.

குழுவின் அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட ஆய்வு. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் வேலை, குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். அறையில் மற்றவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள். கூடிப்பேசித் தவறான பதில் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வேலைக்கு உதவுவது இதன் அடுத்த பகுதி: அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே கூட்டத்தில் உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். அனுபவம் குறைந்தவரிலிருந்து ஆரம்பியுங்கள். யாராவது மாற்றுக் கருத்து சொன்னால், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இரண்டு கேள்வி கேட்டு அதை மேஜையில் வைத்திருங்கள்.

சரி, ஊக்கத்துக்கு வருவோம். மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன் திறனை முழுமையாக வெளிக்கொணர்தல் என்று படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் கட்டுரை 1943-ல் வந்தது. அதில் பிரமிடு இல்லை. அது பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது. மனிதருக்குப் பலவகைத் தேவைகள் உண்டு என்பது சரி. கீழ்ப்படி நிறைந்த பிறகுதான் மேல்படிக்கு ஏறுவார்கள் என்ற வரிசைக்கு ஆய்வு ஆதரவு மெலிந்தது. வாடகை கட்டத் திணறுகிறவருக்கும் மரியாதை வேண்டும், இன்றைக்கே வேண்டும். ஹெர்ஸ்பெர்க் 1959-ல் சொன்னது, சம்பளம், அலுவலக விதிகள், மேற்பார்வை போன்றவை குறைந்தால் அதிருப்தி வரும், நிறைந்தால் ஊக்கம் வந்துவிடாது என்று. நல்ல கவனிப்புதான். ஆனால் அவர் கையாண்ட வழி, பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கூப்பிட்டு ‘எப்போது மகிழ்ச்சியாக இருந்தீர்கள், எப்போது வெறுத்துப்போனீர்கள்’ என்று கேட்டது. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகம் என்று சொல்வது மனித இயல்பு. அவர் கண்ட பிரிவில் பாதி அந்தக் கேள்வியிலிருந்தே வந்திருக்கலாம். மெக்ரகரின் எக்ஸ்-ஒய் கோட்பாட்டை மட்டும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஊழியர்களில் இரண்டு வகை உண்டு என்று அதைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1960-ல் அவர் எழுதியது மேலாளர்களின் மனத்தில் இருக்கும் இரண்டு அனுமானங்களைப் பற்றி: மனிதர்களுக்கு வேலை பிடிக்காது, விரட்டினால்தான் செய்வார்கள் என்பது எக்ஸ்; தாங்களாகவே பொறுப்பெடுத்துச் செய்வார்கள் என்பது ஒய். ‘கண்காணிக்காவிட்டால் ஏமாற்றுவார்கள்’ என்று நினைத்துக் கண்காணிப்பை ஏற்றினால், கண்காணிப்பு இல்லாத நேரத்தில் வேலை செய்ய யாருக்கும் காரணம் இருக்காது. அப்புறம் அந்த மேலாளர் ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்பார்.

ஊக்கம் பற்றிய கருத்துகளில் அதிகம் சோதிக்கப்பட்டதும் அதிகம் தேறியதும் எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் இலக்குக் கோட்பாடு. ‘முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்’ என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல விளைவு தரும். அதற்கு நிபந்தனைகளும் உண்டு: இலக்கை அவர் மனதார ஏற்றிருக்க வேண்டும், செய்யும் திறன் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நடுநடுவே தெரிய வேண்டும். இவ்வளவு வலுவான கருவி என்பதால்தான் ஆபத்தும். வெல்ஸ் பார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று விரட்டினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் தலைமை பழியை அந்த ஊழியர்கள் மேல்தான் போட்டது. ஐயாயிரத்துச் சொச்சம் அயோக்கியர்கள் எப்படித் தேடிப்பிடித்து ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் மடமை பற்றி ஸ்டீவன் கெர் 1975-லேயே எழுதிவிட்டார். குழுவாக வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஆள் தரவரிசை போடும் அலுவலகம் ஒவ்வொன்றும் அவர் சொன்ன அந்த மடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பரிசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1971-ல் எட்வர்ட் டெசி, மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகள் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு நடுவில் பணம் கொடுத்துவிட்டு நிறுத்தினார். பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் சும்மா விளையாடிப் பார்ப்பதும் அவர்களிடம் குறைந்தது. அதிலிருந்து அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி மனிதருக்கு வேலையில் மூன்று வேண்டும்: தானாக முடிவெடுக்க இடம், தேர்ச்சி பெறுகிறோம் என்ற உணர்வு, மனிதர்களோடு ஒட்டுதல். இதைப் பிடித்துக்கொண்டு ‘பணம் முக்கியமில்லை, அர்த்தம்தான் முக்கியம்’ என்று பேசும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். சந்தையைவிடக் குறைந்த சம்பளம் கொடுக்கிற இடத்தில்தான் அந்தப் பேச்சு அதிகம் கேட்கும்.

இதற்குப் பக்கத்திலேயே இருப்பது ஹேக்மேன், ஓல்டுஹாம் 1970-களில் சொன்ன பணி வடிவமைப்பு. என் கணக்கில் ஒரு டீம் தலைவரின் கையில் உடனே இருக்கும் கருவி இதுதான். சம்பளத்தை உங்களால் மாற்ற முடியாது, பதவி உயர்வு உங்கள் கையில் இல்லை, ஆனால் வேலையை எப்படி வெட்டிப் பிரிப்பது என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான். புகார்களைக் கையாளும் டீம் என்று வையுங்கள். ஒருவர் புகாரைப் பதிவு செய்கிறார், இன்னொருவர் வகை பிரிக்கிறார், மூன்றாமவர் தயாராக இருக்கும் பதில்களிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்புகிறார். மூவருக்குமே அந்த வாடிக்கையாளரின் பிரச்சினை தீர்ந்ததா என்று தெரியாது. அதையே ஒரு புகார் முதலிலிருந்து கடைசிவரை ஒருவரிடம் என்று மாற்றி, குறிப்பிட்ட தொகைவரை திருப்பிக் கொடுக்க அவருக்கே அதிகாரம் கொடுத்து, வாடிக்கையாளரின் மறுமொழி நேராக அவருக்கே வரும்படி செய்தால், பலவகைத் திறன், முழுமை, முக்கியத்துவம், சுதந்திரம், பின்னூட்டம் என்று பாடத்தில் வரும் ஐந்தும் உள்ளே வந்துவிடுகின்றன. எல்லோருக்கும் இது பிடிக்காது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வளர வேண்டும் என்ற ஆசை குறைந்தவருக்கு இது கூடுதல் தொல்லையாகத் தோன்றலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது நியாயம். இதற்குத்தான் பாடத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இடம் இல்லை. 1960-களில் ஸ்டேசி ஆடம்ஸ் சொன்ன சமநிலைக் கோட்பாடு: நான் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்தில் இருப்பவரின் விகிதத்தோடு ஒப்பிடுகிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசியாகப் பேசும் பொறுப்பு என்னிடம் நெடுநாள் இருந்தது. படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் எழுதுவார்கள். பேனாவை வைத்துவிட்டுப் பேச விட்டால் வருவது வேறு. சம்பளம் குறைவு என்பதைவிட ‘எனக்குப் பின்னால் வந்தவருக்கு எப்படி அவ்வளவு’ என்பதுதான் அடிக்கடி வரும். இல்லையென்றால், ‘சேரும்போது இப்படிச் சொல்லவில்லையே’ என்பார்கள். எந்தத் தாளிலும் இல்லாத ஆனால் இரு தரப்பும் மனத்தில் வைத்திருக்கும் அந்த எதிர்பார்ப்பை டெனிஸ் ரூசோ என்ற ஆய்வாளர் 1989-ல் உளவியல் ஒப்பந்தம் என்ற பெயரில் விரிவாக விளக்கினார். அது முறியும்போது மனிதர்கள் வழக்குப் போடுவதில்லை. சத்தமில்லாமல் தாங்களும் கொஞ்சம் முறித்துக்கொள்கிறார்கள்.

எப்படி முறித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. மூன்றாவதில் வெட்டு இல்லை. ஓர் ஆலையில் தலைவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, எண்களைக் காட்டி, ஏன் ஆட்குறைப்புக்குப் பதில் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். வெட்டு இருந்த இரண்டு ஆலைகளிலும் பொருட்கள் திருட்டுப்போவது கூடியது. ஆனால் விளக்கம் கிடைக்காத ஆலையில் அது மிக அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. திருடர்கள் திடீரென்று வந்து திடீரென்று போகவில்லை. அதே ஆட்கள்தான். கெட்ட செய்தியைத் தவிர்க்க முடியாத நேரத்திலும், அதைச் சொல்லும் முறை உங்கள் கையில் இருக்கிறது. விடுப்பை மறுப்பதானாலும் சரி, பதவி உயர்வு இல்லை என்று சொல்வதானாலும் சரி, காரணத்தை முகத்தைப் பார்த்து, அவர் கேள்வி தீரும்வரை உட்கார்ந்து சொல்லுங்கள். அதற்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை.

மாற்றங்களுக்கும் இதுவே. 1948-ல் கோச், பிரெஞ்ச் இருவர் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் செய்த ஆய்வில், வேலைமுறையை மாற்றும்போது தொழிலாளர்களையும் சேர்த்து வடிவமைத்த குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்தைப் பிடித்துத் தாண்டின. அறிவித்து மாற்றிய குழு முடங்கியது, சிலர் வேலையையே விட்டார்கள். மாற்றத்துக்கு எதிர்ப்பு மனித சுபாவம் என்று சொல்வோருக்கு இதைக் காட்டலாம்.

உளவியல் பாதுகாப்பு என்பது இப்போது எல்லோர் வாயிலும் அடிபடும் சொல். பெரும்பாலும் ‘எல்லோரும் அன்பாக நடந்துகொள்வோம்’ என்ற அளவில் புரிந்துகொள்ளப்படுகிறது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராயப் போனார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறையும் என்பது எதிர்பார்ப்பு. எண்கள் தலைகீழாக வந்தன: நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம். தோண்டிப் பார்த்தால், அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். மற்ற வார்டுகளில் தவறு மேஜைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. 1999-ல் அவர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களை வைத்து இந்தக் கருத்தை உறுதியாக நிறுவினார். ‘தெரியவில்லை’ என்றோ ‘தப்பு நடந்துவிட்டது’ என்றோ ‘நீங்கள் சொல்வது சரியில்லை’ என்றோ சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கைதான் அது. வேலைத் தரத்தைத் தளர்த்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சேலஞ்சர் விண்ணோடத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், நானும் காட்டுகிறேன். 1986 ஜனவரி 27 இரவு, தொலைபேசிக் கூட்டம். ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் இணைப்பு வளையங்கள் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு அதிருப்தியைக் காட்டியது. தயோகாலின் மூத்த நிர்வாகி, பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். முடிவு மாறியது. மறுநாள் ஏவிய 73 விநாடியில் ஏழு பேரோடு ஓடம் சிதறியது. ஒற்றுமை கெடக்கூடாது என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் ‘குழுச் சிந்தனை’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டுப் பாடப்புத்தகம் நகர்ந்துவிடும். சமூகவியலாளர் டையேன் வாகன் 1996-ல் காட்டியது இன்னும் ஆழமானது: அந்த வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அந்த அளவு அரிப்பு ‘ஏற்கத்தக்கது’ ஆகிக்கொண்டே வந்தது. விலகலே வழக்கமாகிவிட்டது. ஒரு இரவில் நடந்த கோழைத்தனம் என்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

டீம் தலைவராக நீங்கள் செய்யக்கூடியது மிகச் சிறியது, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது. ஒருவர் முதன்முதலாக ஒரு கெட்ட செய்தியோடு வந்து நிற்கிறார். ‘இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?’ என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியாகவே இருக்கட்டும், சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் கீபோர்டைத் தட்டுவதை ஒரு நொடி நிறுத்திக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த கெட்ட செய்தி இன்னும் ஒரு வாரம் தாமதமாக வரும். ‘சொன்னது நல்லது, இப்போது என்ன செய்யலாம்’ என்று முதலில் கேட்டுவிட்டு, ஏன் தாமதம் என்பதைத் தனியாக, அப்புறம் கேளுங்கள்.

பணிச்சோர்வு பற்றியும் சொல்ல வேண்டும். பர்ன்அவுட் என்றால் களைப்பு மட்டுமில்லை. 1974-ல் ஃபிராய்டன்பெர்கர் எழுதியதற்குப் பிறகு, கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறாக அளந்தார்: வற்றிப்போதல், வேலையிடமும் மனிதரிடமும் வெறுப்பு கலந்த விலகல், நான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோயாக வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது கவனிக்க வேண்டியது. வேலையில் உண்டாவதை ஊழியரின் உடம்பில் மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. வேலைப்பளு தாங்காமல் தவிக்கும் டீமுக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்து, அதையும் மதிய இடைவேளையில் வைக்கும் நிறுவனங்கள் உண்டு.

ராபர்ட் கராசெக் 1979-ல் சொன்னது, கடுமையான வேலையைவிட, கடுமையான வேலையும் அதன்மேல் கட்டுப்பாடு இல்லாமையும் சேர்வதுதான் ஆளை உருக்குலைக்கும் என்று. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வுகளும் இதற்குப் பக்கபலம். பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதவி இறங்க இறங்க இதயநோய் கூடியது. அதில் ஒரு கணிசமான பங்குக்குத் தன் வேலைமேல் தனக்குப் பிடி இல்லாமை காரணமாகத் தெரிந்தது. டீமில் ஒருவர் சோர்ந்துபோயிருந்தால் வேலையைக் குறைக்க முடியாவிட்டாலும், எதை எந்த வரிசையில், எப்போது செய்வது என்பதை அவரிடமே விட முடியுமா என்று பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். குழு உருவாகும் நிலைகள் (கூடுதல், மோதல், ஒழுங்குபடுதல், செயல்படுதல்) என்று டக்மன் 1965-ல் சொன்னது பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றிய ஆய்வுகளிலிருந்து எடுத்தது. டீமில் சண்டை வந்தால் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். திருப்தியான ஊழியர் நன்றாக வேலை செய்வார் என்பது ஓரளவு உண்மை. 2001-ல் தொகுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் உள்ள தொடர்பு 0.30 அளவில்தான் நின்றது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). கூட்டமாகச் செய்யும்போது ஆளாளுக்கு உழைப்பு குறைவது உண்மை, ரிங்கெல்மன் கயிறு இழுக்கவைத்துக் கண்ட காலத்திலிருந்தே தெரியும். யார் எதைச் செய்தார் என்பது தெரியும்படி பிரித்தால் இந்தச் சிக்கல் குறையும். நிறுவனப் பண்பாடு பற்றி எட்கர் ஷைன் சொன்ன மூன்று அடுக்குகளில் (கண்ணுக்குத் தெரிபவை, வாயால் சொல்லும் மதிப்புகள், சொல்லாமலே எல்லோரும் நம்பும் அனுமானங்கள்), சுவரில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று பாருங்கள், மூன்றாவது அடுக்கு தெரிந்துவிடும். தலைமைத்துவக் கோட்பாடுகள் வண்டி வண்டியாக இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஆளுமைத் தேர்வு. எது என்று நீங்கள் சொல்லவில்லை. நான்கு எழுத்துக் குறியீடு தரும் மையர்ஸ்-பிரிக்ஸ் வகையாக இருந்தால், பேச்சுக்கு நல்ல பொழுதுபோக்கு, முடிவெடுக்க உதவாது. பெரும்பாலோர் நடுவில் இருக்கும் ஒரு குணத்தை நடுவிலேயே கோடு போட்டு இரண்டு வகையாக வெட்டுவதால், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனத்தடுமாற்றம் என்ற ஐந்து பெருங்குணங்களை அளக்கும் அளவுகோல் இதைவிட நம்பத்தக்கது. 1991-ல் பாரிக், மவுண்ட் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொறுப்புணர்வு என்ற குணம் மட்டும் ஆராய்ந்த எல்லா வகைத் தொழில்களிலும் செயல்திறனோடு தொடர்புடையதாக வந்தது. அதுவும் மிதமான தொடர்புதான். ஒரு தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. 

எனவே தேர்வை எதிர்த்துக் கொடி பிடிக்க வேண்டாம். இதன் முடிவை வைத்து என்ன தீர்மானம் எடுக்கப்போகிறீர்கள் என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவரையொருவர் புரிந்துகொள்ள என்றால் எழுதிவிட்டுப் போங்கள். பதவி உயர்வுக்கோ இடமாற்றத்துக்கோ என்றால், உங்கள் டீமுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாற்றாக ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: அந்தப் பதவிக்குத் தேவையான நாலைந்து சூழ்நிலைகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதைக்கப்போதே மதிப்பெண் போடும் நேர்காணல். கேட்கும் இரண்டு பேரும் மதிப்பெண்ணைத் தனித்தனியாக எழுதி முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது. ஒரு நல்ல குணத்தைப் பார்த்து மற்ற எல்லாமும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வதை உளவியலாளர் தார்ன்டைக் 1920-லேயே ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டுவிட்டார். அது உங்களுக்கும் எனக்கும் வராமல் தடுக்க இந்தச் சின்னக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.